நிரை எண்ணும் சக்கரம்

ரப்பர் நிரையில் நடந்து பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. மரங்கள் ஏறக்குறைய சம இடைவெளியில் நிற்கும். கடந்த மரங்களை எண்ணினால் தூரம் தெரியும். கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டால் வேகம் தெரியும். பிள்ளைகள் ஓட்டும் சிறிய ரோபோ வண்டியில் சக்கர வேகத்தை அளக்கும் ஒளிச் சென்சார் செய்வதும் இதே வேலைதான்.

சக்கர அச்சில் துளைகள் கொண்ட ஒரு சின்ன வட்டு. அதன் ஒரு பக்கம் அகச்சிவப்பு விளக்கு, மறுபக்கம் ஒளியை உணரும் டிரான்சிஸ்டர். துளை வந்தால் ஒளி பாயும், இடைச்சுவர் வந்தால் மறையும். எல்எம்393 சில்லு இதைத் தெளிவான துடிப்பாக்கி, வண்டியின் மூளையான அர்டுயினோ பலகைக்கு அனுப்புகிறது. மலிவான வண்டிகளில் பெரும்பாலும் 20 துளை வட்டும் 65 மில்லிமீட்டர் சக்கரமும் இருக்கும். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 204 மில்லிமீட்டர் என்பதால், ஒரு துளைக்கு வண்டி 10.2 மில்லிமீட்டர் நகர்கிறது. ஆறாம் ஆண்டு மாணவர் தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது.

இதன் பெரிய பலம், மோட்டார் மறைப்பதை வெளியே கொண்டுவருவது. ஒரே பெட்டியில் வாங்கிய இரண்டு மஞ்சள் மோட்டார்களுக்கு ஒரே மின்னழுத்தம் கொடுத்தாலும் அவை ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. வண்டி ஒரு பக்கமாக வளையும். பேட்டரி இறங்க இறங்க வேகமும் குறையும். இரு சக்கரத்தின் துடிப்புகளையும் ஒப்பிட்டால், பிந்துகிற சக்கரத்துக்குக் கூடுதல் மின்சாரம் கொடுத்து வண்டியை நேராக்கலாம்.

நான் குறை சொல்வது சென்சாரைவிட, அதில் எண்ணும் முறையை. பல பாடங்களில் குறித்த ஒரு நேரத்துக்குள் எத்தனை துடிப்பு என்று எண்ணச் சொல்கிறார்கள். வண்டி வினாடிக்கு அரை மீட்டர் ஓடுகிறது என்று கொள்வோம். வினாடிக்கு 49 துடிப்பு வரும். பத்தில் ஒரு வினாடி எண்ணினால் 4 அல்லது 5 கிடைக்கும். நான்கு கிடைத்தால் வேகம் 0.41, ஐந்து கிடைத்தால் 0.51. வண்டி சீராக ஓடும்போதே திரையில் எண் துள்ளும். பிள்ளை மோட்டாரைச் சந்தேகிக்கும். வேகத்தைத் திருத்தும் நிரலோ அந்தத் துள்ளலை நம்பி வண்டியைக் குலுக்கும்.

மாற்றாக, ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடைப்பட்ட நேரத்தை அளக்கலாம். அதே வேகத்தில் அது சுமார் 20,400 மைக்ரோ வினாடி. அர்டுயினோ ஊனோவின் கடிகாரம் 4 மைக்ரோ வினாடிப் படிகளில் எண்ணுவதால் எண்ணிக்கைப் பிழை ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. ஆனால் வேறொரு சிக்கல் வருகிறது: மலிவு வட்டின் துளைகள் ஒரே அளவாக இருப்பதில்லை. முழுச் சுற்றுக்குச் சராசரி எடுத்தால் அது சரியாகும், அதற்கு 0.4 வினாடி காத்திருக்க வேண்டும். அதற்குள் வண்டி சுவரில் மோதிவிடலாம். சக்கரம் நின்றால் அடுத்த துடிப்பே வராது, நிரல் பழைய வேகத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். இத்தனை மில்லி வினாடிக்குள் துடிப்பு வராவிட்டால் வேகம் சுழியம் என்று நாமே சொல்லித்தர வேண்டும்.

துளையின் விளிம்பில் ஒளி பாதி மறையும் கணத்தில் சில்லு தடுமாறி, ஒரே துளையை இரண்டு மூன்றாக எண்ணுவதும் உண்டு. வெளியீட்டுக்கும் தரைக் கம்பிக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று வைத்தால் பெரும்பாலும் அடங்கும். இன்னொன்று: சக்கரம் முன்னே சுற்றுகிறதா பின்னே சுற்றுகிறதா என்பது ஒற்றைச் சென்சாருக்குத் தெரியாது. கணினியின் பழைய உருண்டைச் சுட்டெலி இதற்காகவே ஓர் அச்சுக்கு இரண்டு ஒளி உணரிகளைச் சற்று விலக்கி வைத்திருந்தது. எது முந்துகிறதோ அதைக்கொண்டு திசையை அறிந்தது.

2006இல் வந்த லெகோ என்எக்ஸ்டி ரோபோத் தொகுப்பின் மோட்டாருக்குள் இந்த ஒளி அளவி ஒரு பாகை நுட்பத்தில் பொதிந்திருந்தது. சிறப்பான பொருள், ஆனால் மூடிய பெட்டி. அதை ஓட்டும் பிள்ளை துளையையும் பார்ப்பதில்லை, பிழையையும் பார்ப்பதில்லை. போட்டிக்கு அதை எடுக்கட்டும். கற்பதற்கு, விரலால் சுற்றி விளக்கு அணைவதைப் பார்க்கக்கூடிய மலிவு வட்டையே நான் கொடுப்பேன்.

எந்தச் சில்லாலும் தீராத குறை ஒன்று பாக்கி. சென்சார் எண்ணுவது சக்கரத்தை; தரையை அல்ல. ரந்தாவ், லாபு, பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் மழைக்குப் பிந்திய செம்மண்ணில் வண்டியை விட்டால் சக்கரம் வழுக்கிச் சுற்றும், துடிப்பு ஓடிக்கொண்டேயிருக்கும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். காய்ந்த மண்ணிலோ தூசி துளைகளை அடைக்கும். மரம் செத்த நிரையில் நடப்பதுபோல எண்ணிக்கை குறையும்.

இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க ஒரு கயிறு போதும். பள்ளியின் சிமெண்டுத் தரையில் இரண்டு மீட்டர் அளந்து ஓட்டினால் 196 துளை வர வேண்டும். அதே கயிற்றைத் தோட்டத்துப் பெரட்டுக் களத்து ஈர மண்ணில் நீட்டி மறுபடி ஓட்டட்டும். அங்கே 210 வந்தால், அந்தப் பதினான்கு துளையும் சக்கரம் வழுக்கிய பதினான்கு சென்டிமீட்டர்.