சூடு ஆறட்டும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பா லேத் ஓட்டினார். கடைந்த கையோடு நான் மைக்ரோமீட்டரை எடுத்தால் அதட்டுவார்: "சூடு ஆறட்டும்டா, இப்ப அளந்தா பொய் சொல்லும்." தமிழில் அறிவியல் கட்டுரை படிக்கும்போதெல்லாம் இந்த அதட்டல் ஞாபகம் வருகிறது. அளவு கிடைத்ததை எழுதுகிறோம்; அளந்த பாட்டை விட்டுவிடுகிறோம்.

மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ். ராமகிருஷ்ணன் (நம் எஸ்.ரா. அல்ல) குழு, பிஸ்மத் படிகம் 0.53 மில்லிகெல்வினில் மின்தடையே இல்லாத மீகடத்தி ஆவதைக் கண்டது. 2017 ஜனவரி 'சயின்ஸ்' இதழில் வெளியானது. லட்சம் அணுவுக்கு ஓர் எலக்ட்ரான்தான் பிஸ்மத்தில் ஓடுகிறது, 1957இன் பி.சி.எஸ். கோட்பாட்டுக்கு இது பிடிபடவில்லை.

'சாதனை' என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் கதை வேறு இடத்தில் இருக்கு. செம்பின் அணுக்கருக்களைப் பலத்த காந்தப்புலத்தில் வரிசைப்படுத்தி, அப்போது எழும் சூட்டை வெளியேற்றிவிட்டு, புலத்தை மெல்ல மெல்லக் குறைத்தால்தான் இவ்வளவு குளிர் கிடைக்கும். பிஸ்மத்தின் மீகடத்தலோ 5.2 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் தாங்காது. மும்பையில் பூமியின் காந்தமே சுமார் 40. ஆக, காந்தத்தால் குளிர வைக்கணும். படிகத்தின்மேல் காந்தம் படாமலும் காக்கணும். இந்த முடிச்சை விட்டுவிட்டு எதை எழுதுகிறோம்?

கலைச்சொல் சரியா தவறா என்றுதான் சண்டை போடுகிறோம். எஸ்டேட்டில் ஒரு டர்னரிடம் இதைச் சொல்லிப்பாருங்கள். "பூமியோட காந்தத்தை எப்படி சார் தடுத்தாங்க?" என்றுதான் முதலில் கேட்பார். அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கும் ஒரு தமிழ்க் கட்டுரையைப் படிக்க ஆசை.