முன்கதையும் முன்னறிவும்: அறிவியல் படக்கதை மொழிபெயர்ப்பில் தொடர்ச்சிச் சிக்கல்

1. முன்னுரை

ஒரு கதைத்தொடர் வெளிவந்து நிலைபெற்ற பின்னர், அதன் நிகழ்வுகளுக்கு முற்பட்ட காலத்தைக் கூற எழுதப்படும் பகுதியை முன்கதை எனலாம். முன்கதையில் வாசகர் அறிந்திருப்பதைப் பாத்திரங்கள் அறியா. இவ்வேறுபாடே அதன் சுவைக்கு அடிப்படையாகும். படக்கதையை மொழிபெயர்ப்பவர் ஓவியத்தைத் தொடுவதில்லை. அவர் கையில் இருப்பது சொல் மட்டுமே. பெயர்களும் கலைச்சொற்களும் எல்லா நூல்களிலும் ஒன்றாக இருப்பின் தொடர்ச்சி காக்கப்பட்டுவிடும் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. அது போதாது என்பதும், யார் எப்போது எதை அறிந்திருந்தார் என்பதைத் தமிழ் இலக்கணக் கூறுகள் வழியே காத்தல் வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

2. பெயர் முந்திக்கொள்ளுதல்

1962இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ இதழில் தொடங்கிய ‘ஸ்டீல் க்ளா’ தொடர், 1972இல் முத்து காமிக்ஸ் வழியாக ‘இரும்புக்கை மாயாவி’ எனத் தமிழுக்கு வந்தது. மூலப்பெயர் இரும்புக் கையை மட்டும் சுட்டத் தமிழ்ப்பெயர் மறையும் ஆற்றலையும் சேர்த்துச் சுட்டுகிறது. பெயராக்கம் என்ற அளவில் இது சிறந்ததே. ஆனால் மூலக்கதையின் தொடக்கத்தில் லூயிஸ் கிராண்டல் இரும்புக் கை பொருத்தப்பட்ட ஆய்வுக்கூட உதவியாளன் மட்டுமே; மறையும் ஆற்றல் பின்னர் நேர்ந்த விபத்தில்தான் வாய்க்கிறது. அதன் பின்னும் முதலில் அவன் குற்றவாளியாகவே திரிகிறான். விபத்துக்கு முந்திய பக்கங்களில் அவனை ‘மாயாவி’ எனச் சுட்டினால் பெயர் கதையை முந்திவிடும். நூலின் தலைப்புக்குப் பொருந்தும் பெயர் கதைமாந்தர் வாயில் எப்போதும் பொருந்துவதன்று.

இதே சிக்கல் வேறு வகையில் பெங்களூரிலும் எழுந்தது. அங்கு ஓவியக்கூடம் கொண்டிருந்த வர்ஜின் காமிக்ஸ் 2006இல் வெளியிடத் தொடங்கிய ‘ராமாயண் 3392 ஏ.டி.’ என்னும் ஆங்கிலப் படக்கதை, இராமகாதையை எதிர்கால உலகில் நிகழ்த்துகிறது. இங்கு வாசகரின் முன்னறிவு முந்திய நூல்களிலிருந்து வருவதன்று, காப்பியத்திலிருந்து வருவது. இதனைத் தமிழாக்குவோர் ‘இராமன்’ என எழுதலாம். ‘இராமபிரான்’ என எழுதினால், அக்கதையுலகத்தார் இன்னும் உணராத தெய்வத்தன்மை ஓர் ஒட்டுச்சொல்லால் உள்ளே நுழைந்துவிடும்.

3. ‘தோர்கல்’ காட்டும் சான்று

வான் ஹாம் எழுத ரோசின்ஸ்கி வரைந்த ‘தோர்கல்’ 1977இல் பிரெஞ்சில் தொடங்கியது. சிவகாசியின் லயன்-முத்து வெளியீடுகள் வழியாகத் தமிழ் வாசகர்க்கும் அறிமுகமானது. வைக்கிங் குலத்தில் வளர்ந்த நாயகன் உண்மையில் விண்ணிலிருந்து வந்த இனத்தவன் என்பதை 1980இல் வெளியான இரண்டாம் நூல் உணர்த்துகிறது. 1984இல் வந்த ஏழாம் நூலான ‘விண்மீன்களின் குழந்தை’ அவன் குழந்தைப் பருவத்துக்குத் திரும்புகிறது. குலத்தலைவன் லெய்ஃப் கடலில் ஒரு கலத்துள் அக்குழந்தையைக் கண்டெடுக்கிறான்.

அக்கலத்திற்கு என்ன பெயரிடுவது? வாசகர் அதனை விண்கலம் என அறிவார். லெய்ஃபிடம் அச்சொல்லும் இல்லை, அப்பொருளும் இல்லை. அவன் பார்வையில் அமையும் வரிகளில் ‘பேழை’ என்பதே தகும். ஆற்றில் மிதந்த கர்ணனின் பேழையைத் தமிழ் வாசகர் உடன் நினைப்பார்; பிறப்பறியாப் பிள்ளை என்னும் குறிப்பும் தானே கிட்டும்.

லெய்ஃப் குழந்தைக்கு இடும் ‘தோர்கல் ஏகிர்சன்’ என்னும் பெயரின் பிற்பகுதி, கடலுக்குரிய ஏகிரின் மகன் எனப் பொருள்படும். ஒலிபெயர்ப்பில் இப்பொருள் மறைகிறது. கணக்காயனார் மகனார் நக்கீரனார் எனத் தந்தையை முன்வைத்துச் சுட்டிய மரபு நமக்கு உண்டு. பெயரிடும் அந்த ஓரிடத்திலேனும் ‘ஏகிரின் மகன்’ என விரித்துரைத்தல் வேண்டும். தந்தை யார் என அறியாமையே அப்பெயரின் காரணம். பெயர் விளங்காவிடின் அறியாமையும் விளங்காது.

4. இலக்கணக் கூறுகள்

கீழ்வரும் எடுத்துக்காட்டுகள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை.

முதலாவது, சுட்டு. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அறிந்த பொருளைக் குறிக்கும் சார்படை தமிழில் இல்லை. அதற்கு ஈடாக ‘அந்த’ என்பதைப் பெய்தல் வழக்கமாகியுள்ளது. ‘அந்தப் பேழை அலையில் ஆடியது’ என்றால் முன்னரே அறிந்த பேழை என்றாகும். ‘பேழை ஒன்று அலையில் ஆடியது’ என்பதே முதற்காட்சிக்கு உரியது.

இரண்டாவது, பிறர் கூற்றை உணர்த்தும் ‘ஆம்’. ‘கடலில் கிடைத்தானாம்’ என்பது கேள்வியறிவு; ‘கடலில் கிடைத்தான்’ என்பது கண்டறிவு. பிற்காலக் கதையில் ஊரார் முன்னதைக் கூறுவர். முன்கதையில் உடனிருந்த மாலுமி பின்னதையே கூறுவான். மூலத்தில் இரண்டும் ஒரே வினைவடிவாக இருப்பினும் தமிழில் வேறுபடுத்த இயலும். மூலத்தில் இல்லாத ஒரு வசதி இது.

மூன்றாவது, ‘தானே’, ‘அல்லவா’ போன்ற பகிர்ந்த அறிவைக் குறிக்கும் சொற்கள். ஏழாம் நூலில் இளம் தோர்கல் தன் பிறப்பின் உண்மையைக் கேட்டறிகிறான். பின் அந்நினைவு அவனிடமிருந்து நீக்கப்படுகிறது. இரண்டாம் நூலில் அவன் அறியாதவனாக இருப்பதோடு முரண்படாதிருக்க ஆசிரியர் செய்த ஏற்பாடு இது. அதன்பின் அவன் பேச்சில் ‘நான் விண்ணிலிருந்து வந்தவன் அல்லவா?’ எனும் தொனி ஒரு சொல்லளவு நுழைந்தாலும் ஆசிரியர் கட்டிய அணை உடையும்.

நான்காவது, முன்னிலை. ஆங்கிலத்தின் ஒரே முன்னிலைச் சொல்லுக்கு நாம் ‘நீ’, ‘நீங்கள்’ என்பவற்றுள் ஒன்றைத் தேர்கிறோம். பிற்கதையில் நிலைத்த வடிவத்தை முன்கதைக்கு அப்படியே கொண்டுசெல்லுதல் சீர்மை போலத் தோன்றும். ஆனால் மரியாதை உறவோடு வளர்வது. உறவு பிறக்காத காலத்தில் அதன் வடிவம் இருத்தல் ஆகாது.

5. வெளியீட்டு வரிசை

2007இல் சினிபுக் ஆங்கில வரிசையின் முதல் நூலிலேயே ஏழாம் நூலையும் 1989இல் வந்த ‘ஆரிசியா’வையும் இணைத்து வெளியிட்டது. அதனால் முன்கதை தொடக்கக்கதை ஆயிற்று. அவ்வரிசையில் படிப்பவருக்கு இரண்டாம் நூலின் வெளிப்பாடு வியப்பளிக்காது. எனவே எந்த வரிசையில் நூல் வெளிவரும் என்பதை மொழிபெயர்ப்பாளர் முதலிலேயே கேட்டறிதல் இன்றியமையாதது. பின்னர் வரும் முன்கதையில் ‘பேழை’ முரண்சுவை தரும். முதலில் வரும் முன்கதையில் அது புதிராக நிற்கும். விளக்கச் சொல்லின் அளவு இதற்கேற்ப மாறும்.

6. முடிவுரை

இளம் வாசகர்க்குத் தெளிவே முதன்மை, ஆதலின் ‘விண்கலம்’ என்றே எழுதலாம் என ஒரு மறுப்பு எழலாம். ஓவியமே கலத்தின் வடிவைத் தெளிவாகக் காட்டுகிறது. படம் காட்டுவதைச் சொல்லும் கூறிவிட்டால் வாசகர் தாமே கண்டறிய எதுவும் மிஞ்சாது.

பதிப்பகங்கள் பெயர்ப்பட்டியல் வைத்திருத்தல் நன்று. அதனோடு அறிவுப்பட்டியல் ஒன்றும் தேவை: ஒவ்வொரு பாத்திரமும் எந்த நூலில், எந்த நிகழ்வில், எதனை அறிந்தது அல்லது மறந்தது, யாரை எவ்வாறு விளித்தது என்னும் குறிப்பு. சுட்டும் இடைச்சொல்லும் முன்னிலையும் இத்துணை நுட்பமாக அமைந்த மொழியில் அப்பட்டியலைச் செயற்படுத்தல் அரிதன்று. அஃது இல்லாதவிடத்து, பெயர்கள் அனைத்தும் பிழையின்றி இருந்தும் கதை தன் இறந்தகாலத்தை இழந்துவிடும்.