எருக்கந்தூணும் மூன்று அளவைகளும்

திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கருவறைக்கு முன்னே இரண்டு எருக்கந்தூண்கள். சென்ற முறை போயிருந்தபோது ஒரு சிறுமி பாட்டியைக் கேட்டாள்: "எருக்கு செடிதானே பாட்டி, தூண் எப்படி ஆகும்?" "இது அந்தக் காலத்து எருக்கும்மா. தொண்டைமான் புழல் கோட்டையிலேர்ந்து கொண்டாந்தது" என்றார் பாட்டி. சிறுமிக்கு அது போதவில்லை. தூணைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவள் கேட்டது தூணைப் பற்றி. ஆனால் அதற்குள் இருந்தது 'உனக்கு எப்படித் தெரியும்' என்ற கேள்வி. நம் மெய்யியல் நூல்கள் இதைத்தான் முதலில் எடுத்துக்கொண்டன, பெயர் அளவை. அருணந்தி சிவாசாரியார் சைவ நூலான சிவஞான சித்தியாரின் சுபக்கத்தில், அதாவது தன் கொள்கையை நிறுவும் பகுதியில், இறைவனைப் பற்றிப் பேசுமுன் அளவையைப் பேசிவிடுகிறார். அளவைகளைப் பத்து வரை எண்ணுவார் உண்டு, எல்லாம் காண்டல், கருதல் (அனுமானம்), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற மூன்றில் அடங்கும் என்கிறார். காண்டலிலும் ஐயம் உண்டு, திரிபு உண்டு. தூரத்தில் நிற்பது கட்டையா ஆளா என்பது ஐயம். கயிறு பாம்பாவது திரிபு. அம்பத்தூர் பட்டறைகளில் கடைசல் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எண்ணெயைத் துடைக்காமல் வெர்னியரை வைத்தால் அளவு பொய் சொல்லும்.

இனி கோயிலுக்குள் வருவோம். இலிங்கத்தின் மேல் சந்தனக்காப்பு இருப்பது காண்டல். முல்லைக்கொடியில் சிக்கிய யானையை விடுவிக்க மன்னன் தொண்டைமான் கொடியை வெட்டியபோது வாள் பட்ட தழும்பு அதன் அடியில் இருப்பதாக நாம் அறிவது சொல்லக் கேட்டு. அப்படிக் கேட்டதிலும் தரம் உண்டு. யானையை முல்லைக்கொடி கட்டிப்போட்ட செய்தி சுந்தரர் பதிகத்திலேயே இருக்கிறது; எருக்கந்தூணை அங்கே காணோம். வழிவழியாய் வந்த இத்தகைய செய்திக்கும் பழைய பட்டியலில் ஓர் இடம் உண்டு: ஐதிகம். அதற்கு மணிமேகலைக் காப்பியம் தரும் உதாரணம், இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊரார் சொல்வது. தலபுராணத்தை இந்த வரிசையில் வைப்பது அவமதிப்பு என்று பக்தர்கள் முகம் சுளிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாட்டியின் சொல் எந்தத் தட்டில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டும் தூணைக் கும்பிடலாம்.

மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சி மாநகர்ச் சமயவாதிகள் வரிசையாக வருகிறார்கள். முதலில் பேசுபவன் அளவைவாதி. வியாசர் பத்து, கிருதகோடி எட்டு, சைமினி ஆறு என்று அளவைக் கணக்கு சொல்கிறான். கடைசியில் பூதவாதி. கண்ணால் கண்டதை மட்டுமே ஏற்பேன் என்பவனிடம் மணிமேகலை சிரித்துக்கொண்டே கேட்கிறாள்: உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிவாய்? தமிழில் இதைவிடக் கூரிய குறுக்குவிசாரணை எனக்குத் தெரியாது.

நம் மரபின் இன்னொரு தராதரம் எதிராளிக்குத் தரும் இடம். சித்தியாரில் பிறர் கொள்கை பேசும் பரபக்கம் முன்னே, சுபக்கம் பின்னே. உலகாயதன், நால்வகைப் பௌத்தர், சமணர், ஆசீவகர், மாயாவாதி என்று 14 தரப்பை அவரவர் வாயாலேயே பேசவிட்டுப் பிறகுதான் மறுப்பு. 1313இல் உமாபதி சிவாசாரியார் செய்த சங்கற்ப நிராகரணம் இதையே வீட்டுக்குள் செய்கிறது. மாயாவாதி நீங்கலாக அங்கே பேசுபவர்கள் பெரும்பாலும் அண்டை வீட்டுச் சைவர்கள். ஒருவர் வாதத்தை அடுத்தவர் முறிப்பார். மறுப்பில் எல்லாரும் நியாயமாக நடந்தார்கள் என்று சொல்ல மாட்டேன், ஏளனமும் நிறைய உண்டு. ஆனாலும் குண்டலகேசி முழுதாகக் கிடைக்காத நிலையில், அந்தப் பௌத்த நூலின் வாதங்களை நாம் பெரிதும் அறிவது அதை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசியின் வழியேதான்.

முறையைப் பற்றி ஒரு வார்த்தை. மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 சூத்திரம், 40 அடி, அவ்வளவே. ஒவ்வொன்றையும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று பிரித்துக் காட்டாமல் அவர் நகர்வதில்லை. அதற்கு 18ஆம் நூற்றாண்டில் மாபாடியம் எழுதிய சிவஞான முனிவரே இலக்கண நூலான நன்னூலின் விருத்தியுரையையும் திருத்தியவர். அந்த நன்னூல் எழுவகை மதம் என்கிறது. அங்கே மதம் என்றால் சமயம் அல்ல, நூலாசிரியன் எடுக்கும் நிலை: உடன்படல், மறுத்தல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின் களைதல் முதலானவை. இலக்கணம் படித்தவனுக்கு வாதமும் கைவர வேண்டும் என்ற காலம்.

இவ்வளவும் எதற்கு? துன்பம் நீங்க, வீடுபேறு அடைய என்று ஏறக்குறைய எல்லாத் தரப்பும் சொல்லும். இந்த உலகே போதும் என்னும் உலகாயதன் மட்டும் ஒப்பமாட்டான்.

மீண்டும் கோயிலுக்கு வருவோம். திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாருக்குப் பிரியேன் என்று செய்த சத்தியத்தை மீறியதால் கண்ணிழந்த சுந்தரர், அங்கிருந்து வந்து துயர் களைய வேண்டிப் பாடியது இந்தத் திருமுல்லைவாயிலில்தான் என்கிறது பெரியபுராணம். காண்டல் என்ற முதல் அளவை கைவிட்ட நிலையில் இந்தச் சந்நிதியில் நின்றவர் அவர். ஊன்றுகோல் கிடைத்தது அடுத்துப் போன திருவெண்பாக்கத்தில். கண் அப்போதும் கிடைக்கவில்லை.