ஸ்விட்ச் எந்தப் பக்கம்?

மின்சுற்று வரைபடம் படிக்கத் தெரியுமா என்று கேட்டால் பலருக்கும் குறியீட்டுப் பட்டியல்தான் நினைவுக்கு வரும். நீளக் கோடும் குட்டைக் கோடும் சேர்ந்தால் மின்கலம், நெளிகோடு மின்தடை, தொடாமல் எதிரெதிரே நிற்கும் இரண்டு தகடுகள் மின்தேக்கி. இதை ஒரு மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். நம் பாடப்புத்தகங்கள் நெளிகோடாகப் போடும் மின்தடையை ஐஇசி 60617 தரம் வெறும் செவ்வகமாகப் போடச் சொல்கிறது. முதல் நாள் விழிப்போம், மறுநாள் பழகிவிடும். டயோடின் அம்பு எலக்ட்ரான் போகும் திசைக்கு எதிராக நிற்கிறதே என்றும் குறை சொல்வார்கள். 18ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் பிராங்க்ளின் நேர், எதிர் என்று பிரித்தபோது எலக்ட்ரானைப் பற்றி யாருக்கும் தெரியாது; அது தெரியவந்தது 1897இல். அதனால் எந்தக் கணக்கும் தப்பிப்போகவில்லை. குறியீடுகளைப் பற்றி இவ்வளவு போதும். கவனிக்க வேண்டியது அவற்றை இணைக்கும் கோடுகளை.

கோடு சொல்வது ஒரே ஒரு செய்தி: இந்த முனையும் அந்த முனையும் இணைந்திருக்கின்றன. எவ்வளவு நீளம், எவ்வளவு தடிமன், எந்தச் சுவருக்குள் போகிறது என்பதையெல்லாம் அது விட்டுவிடுகிறது. விட்டுவிடுவதால் கிடைக்கும் லாபத்தைப் பார்க்க பம்ப்செட் ஸ்டார்ட்டரைத் திறந்தால் போதும். பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டுக் கையை எடுத்த பிறகும் மோட்டார் ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறது? உள்ளே பின்னிக் கிடக்கும் ஒயர்களை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. படத்தில் சில கோடுகளில் கிடைக்கும். ஒரு ஃபேஸிலிருந்து கிளம்பும் கோடு ஓவர்லோடு ரிலேயின் காண்டாக்ட், சிவப்புப் பொத்தான், பச்சைப் பொத்தான் எல்லாவற்றையும் கடந்து கான்டாக்டரின் காயிலுக்குப் போகிறது. பச்சைப் பொத்தானுக்கு இணையாக இன்னொரு காண்டாக்ட். காயில் இழுத்ததும் அதுவும் மூடிக்கொள்ளும். பிறகு பொத்தானை விட்டாலும் காயிலுக்கு வேறு வழியில் கரண்ட் போகும். கரண்ட் போய்த் திரும்பினால் மோட்டார் தானாகக் கிளம்பாததற்கும் இதுதான் காரணம்: காயில் விட்டவுடன் அந்த இணைவழி திறந்துவிடுகிறது.

இந்தப் படத்தில் புதியவரைத் தடுமாற வைக்கும் இடங்கள் இரண்டு. காயில் ஒரு மூலையிலும் அது இயக்கும் காண்டாக்ட் வேறொரு மூலையிலும் இருக்கும். இரண்டும் ஒரே கான்டாக்டரின் உறுப்புகள் என்று பக்கத்தில் போட்டிருக்கும் ஒரே எழுத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்தது, காண்டாக்ட்கள் கரண்ட் இல்லாத நிலையில் இருப்பதுபோல் வரையப்படும். ஓடும் மோட்டாரை முன்னால் வைத்துக்கொண்டு படத்தைப் பார்ப்பவருக்குச் சில காண்டாக்ட்கள் தலைகீழாகத் தெரியும். இந்தக் குறைகளுக்குத் தொழிலே ஒரு மருந்தும் கண்டுபிடித்திருக்கிறது. காயிலுக்கு ஏ1, ஏ2. இணைக் காண்டாக்ட்டுக்கு 13, 14. ஓவர்லோடு காண்டாக்ட்டுக்கு 95, 96. படத்தில் உள்ள இந்த எண்களே கருவியின் திருகாணிக்குப் பக்கத்திலும் அச்சாகியிருக்கும். இணைக் காண்டாக்ட் எண் 3, 4 என்று முடிந்தால் அது இயல்பில் திறந்தது. 1, 2 என்று முடிந்தால் மூடியது. பொத்தானை அழுத்தும்போது மட்டும் மோட்டார் ஓடினால் மெக்கானிக் நேராக 13, 14 திருகாணிக்குப் போகிறார். கோடு தொலைத்த இடத்தை எண் மீட்டுத் தருகிறது. நகலெடுக்கும்போது புள்ளி மறைந்து 4.7 கிலோ ஓம் 47 ஆகிவிடக் கூடாது என்று புள்ளி இருந்த இடத்தில் 'கே' எழுத்தைப் போட்டதும் இதே கெட்டிக்காரத்தனம்தான்.

பள்ளிக்கூடத்துக்கு இந்தக் கெட்டிக்காரத்தனம் வந்து சேரவில்லை. அங்கே முதல் படம் ஒரு மின்கலம், ஒரு சாவி, ஒரு பல்பு. சாவியை பல்புக்கு இந்தப் பக்கம் போட்டாலும் அந்தப் பக்கம் போட்டாலும் ஒன்றுதான் என்று ஆசிரியர் சொல்வார். பேட்டரிக்கு அது சரி. வீட்டில் 230 வோல்ட். நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மரிலேயே பூமியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. ஸ்விட்ச்சை நியூட்ரலில் போட்டாலும் பல்பு ஒழுங்காக எரியும், ஒழுங்காக அணையும். அணைந்த பிறகும் ஹோல்டரில் ஃபேஸ் நிற்கும். ஸ்விட்ச்சை அணைத்துவிட்டோமே என்று நம்பி பல்பைக் கழற்றுகிறவர் தரையில் நிற்கிறார். அவர் உடலும் அந்தச் சுற்றில் ஒரு கோடு, யாரும் வரையாத கோடு. அணைத்த எல்இடி பல்பு இரவில் மங்கலாக மினுக்கினால் அதற்கு ஒரு காரணம் இப்படி மாறிப்போன ஸ்விட்ச்சாக இருக்கலாம். பின்னால் வரும் வீட்டு மின்சுற்றுப் பாடம் ஃபேஸையும் நியூட்ரலையும் பிரித்துக் காட்டுகிறதுதான். அதற்குள் மனதில் பதிந்துவிடுவது பேட்டரிப் படம்.

நீளத்தை மறப்பதற்கும் விலை உண்டு. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 12 ஓம். மீட்டரிலிருந்து 100 மீட்டர் தள்ளியிருக்கும் கிணற்றுக்கு இந்தக் கம்பியைப் போட்டு 10 ஆம்பியர் இழுக்கும் சிங்கிள் ஃபேஸ் மோட்டாரை மாட்டினால், போக வர 200 மீட்டரில் 24 வோல்ட் தொலைந்துவிடும். மோட்டாருக்குப் போய்ச் சேருவது 206. மோட்டார் திணறும், சூடாகும். வரைபடத்தில் அந்த 200 மீட்டர் இரண்டு அங்குலக் கோடு, தடை பூஜ்யம். படம் பொய் சொல்லவில்லை என்பது உண்மைதான். எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்று அது எங்கேயும் எழுதிவைப்பதில்லை. என் பெரிய புகார் அதுதான்.

இன்னொரு விசித்திரம். இடத்தை மறக்கச் சொல்லும் படத்தை மாணவர்கள் இடத்தை வைத்தே மனப்பாடம் செய்கிறார்கள். வீட்ஸ்டன் சமனச்சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1833இல் சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி சொன்னது, 1843இல் வீட்ஸ்டன் பரப்பியது. எல்லாப் புத்தகத்திலும் சாய்சதுரம். அதே நான்கு மின்தடைகளையும் நடுவில் கால்வனாமீட்டரையும் ஏணி மாதிரி வரைந்து கொடுத்தால் நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளையும் திகைத்து நிற்கும். தேர்வுத்தாளும் சாய்சதுரத்தைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை. ஒரு சுற்றை மூன்று வடிவில் வரைந்து 'இவை ஒன்றா, வேறா' என்று கேட்பதற்குப் பணம் காசு ஒன்றும் செலவாகாது.

ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படிப்பவர்கள் சர்க்யூட் படம் போட்டதும் ஒயரிங் படமும் போடுகிறார்கள். எந்த ஒயர் எந்தக் குழாயில் என்ற கேள்வி அங்கேதான் வருகிறது. மாடிப்படி விளக்கைப் பாருங்கள். கீழே ஒரு டூவே ஸ்விட்ச், மேலே ஒன்று, நடுவே இரண்டு கோடு. விளக்கின் மறுமுனை நியூட்ரலுக்கு. ஃபேஸ் கீழிருந்து வந்து விளக்கு மேலே இருந்தால் குழாயில் மூன்று ஒயர் இழுக்க வேண்டும். ஒரு ஒயரை மிச்சப்படுத்த மேல்மாடி அறையின் நியூட்ரலையே விளக்குக்குக் கொடுத்துவிடுபவர்கள் உண்டு. சர்க்யூட் படத்தின்படி இதில் தவறே இல்லை. நியூட்ரல் எல்லாம் ஒரே கோடுதானே. ஆனால் கீழ்மாடிக்கு ஒன்று, மேல்மாடிக்கு ஒன்று என்று 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி மாட்டிய வீட்டில், ஃபேஸ் வழியாகப் போன கரண்ட் அதே நியூட்ரல் வழியாகத் திரும்புகிறதா என்று ஒவ்வொன்றும் கணக்குப் பார்க்கும்; திரும்பாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடும். படிக்கட்டு விளக்கைப் போட்ட கணத்தில் இரண்டு மாடியும் இருண்டுவிடும்.