உயிரணுவா, கலமா?

உயிர்நூல் பயிலப் புகும் மாணவன் முதற்கண் எதிர்ப்படும் சொற்களுள் ஒன்று 'செல்' என்பது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதனை ஒலிபெயர்த்தே வழங்குகின்றன. இலங்கை நூல்கள் 'கலம்' என்கின்றன. பொது எழுத்துகளில் 'உயிரணு' பெருவழக்கு. மூன்றனுள் பொருளுக்கு இயைந்தது எது?

'செல்லா' என்னும் இலத்தீன் சொல் சிற்றறையைக் குறிப்பது. 1665இல் வெளிவந்த 'மைக்ரோகிராபியா' என்னும் நூலில், இங்கிலாந்து அறிஞர் இராபர்ட் ஊக், தக்கைச் சீவலை உருப்பெருக்கியில் நோக்கிக் கண்ட நுண்ணறைகளை இப்பெயரால் சுட்டினார். அவர் கண்டவை உயிர் நீங்கிய வெற்றுச் சுவர்களே. செடிகளின் உடல் இக்கூறுகளால் ஆயது என்று 1838இல் சிலைடனும், விலங்குகளின் உடலும் அத்தகையதே என்று 1839இல் சுவானும் நாட்டினர். ஆகவே ஆங்கிலப் பெயரே பொருளை முற்றும் உணர்த்துவதன்று. சொல்லுக்குச் சொல் 'அறை' எனப் பெயர்ப்பின் அக்குறையும் உடன்வரும்.

'உயிரணு' என்னும் சொல்லில் அக்குறை இல்லை. உயிர் தங்கும் மிகச் சிறிய கூறு என்பது அதன் பொருள்; அக்கூறு சிதையின் உயிர் நில்லாது. அவ்வளவில் அது போற்றத்தக்கதே. ஆயின், பௌதிகப் பாடத்தில் அணு என்பது வேறொன்று. ஓர் உயிரணுவினுள் அத்தகைய அணுக்கள் கோடி கோடியாக அடங்கியுள்ளன. "அணுவுக்குள் அணுக்களா?" என்று மாணவன் வினவின் ஆசிரியர் யாது விடை கூறுவார்? 'சிவப்பணு', 'வெள்ளையணு' என உயிர் என்னும் அடையும் நீங்கியபின் மயக்கம் இருமடங்காகிறது.

'கலம்' என்பதோ ஒன்றைத் தன்னுள் கொண்டிருக்கும் ஏனம். புறத்தே வரம்பும் அகத்தே உள்ளீடும் உண்டென்பதை அச்சொல்லே உணர்த்துகிறது. 'கலச்சுவர்' என்றால் கருத்து விளங்கும். அணுவுக்குச் சுவர் என்பது பொருந்துமா? கலம் மரக்கலத்தையும் முகத்தல் அளவையையும் குறிக்குமே எனின், இடம் நோக்கிப் பொருள் கொள்ளல் தமிழ் மரபே. மரக்கலம் உயிர்நூல் வகுப்பில் வந்து எவரையும் மயக்காது. அணுவோ அடுத்த பாடவேளையிலேயே வந்து நிற்கிறது.

வேரூன்றிய 'உயிரணு'வை ஒரே நாளில் பெயர்த்தல் அரிது. எனினும், மூன்றும் ஒரு பொருளனவே என்பதை முதற் பாடத்திலேயே ஆசிரியர் உணர்த்துதல் வேண்டும். புதிய கலைச்சொல் ஆக்குவோர் கலத்தை அடிப்படையாகக் கொள்வாராயின், நாளை பயிலும் மாணவனுக்கேனும் இம்மயக்கம் நேராது.