பத்து இணைப்பு போதுமா?

திருப்புல்லாணியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒரு நிரலாளரின் மடிக்கணினி, மும்பையில் இருக்கும் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தோடு பேச வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் குவெரி கிளம்புவதற்கு முன்பே ஐந்தாறு தடவை தகவல் போய்வந்தாக வேண்டும். டிசிபி தொடர்புக்கு ஒன்று, மறையாக்கம் உண்டா என்று விசாரிக்க ஒன்று, டிஎல்எஸ் 1.3-க்கு ஒன்று, பயனர் பெயரைச் சொல்லிக் கடவுச்சொல்லை நிரூபிக்க மூன்று. ஒரு தடவைக்கு 40 மில்லிவிநாடி என்று போட்டாலும் கால் விநாடி இதிலேயே கரைந்துவிடும். அதற்கப்புறம் ஓடும் குவெரி 2 மில்லிவிநாடியில் முடிந்துவிடலாம். வாசலைத் திறக்கிற நேரத்தோடு ஒப்பிட்டால் உள்ளே நடக்கிற வேலை ஒன்றுமே இல்லை.

கனெக்‌ஷன் பூலுக்குப் பாடப்புத்தகங்கள் சொல்லும் காரணம் இதுதான். திறந்த இணைப்பை மூடாமல் வைத்திரு, கேட்கிற திரெட்டுக்குக் கொடு, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள். காரணம் சரிதான். ஆனால் பூல் நிஜமாக ஓடுவது அந்த மாடியில் அல்லவே! செயலியும் தரவுத்தளமும் பெரும்பாலும் ஒரே தரவு மையத்தில், ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவான தொலைவில் இருக்கின்றன. அங்கே போய்வரும் செலவு மிச்சமாவது சில மில்லிவிநாடிதான். போஸ்ட்கிரஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் இயங்குதளத்தில் தனி ப்ராசஸ் ஒன்றை உருவாக்குகிறது என்பதால் அந்தச் செலவும் மிச்சமாகிறது. இருந்தும், பூலின் பெருமையை இந்தச் சிக்கனத்தில் மட்டும் தேடுவது அதன் பெரிய பலத்தைத் தவறவிடுவதாகும். எத்தனை பேர் ஒரே நேரத்தில் தரவுத்தளத்துக்குள் நுழையலாம் என்பதற்கு அது ஒரு வரம்பு வைக்கிறது. வரம்பைத் தாண்டியவரை வெளியே நிறுத்துகிறது. அந்த நிறுத்தும் குணத்தைத்தான் நாம் முதலில் தளர்த்திவிடுகிறோம்.

அதற்கு முன், ‘திரெட்-சேஃப்’ என்ற முத்திரை எதைக் காக்கிறது, எதைக் காக்கவில்லை என்பதைப் பார்த்துவிட வேண்டும். ஆடி அமாவாசைக்குச் சேதுக்கரை வருகிறவர்களுக்குத் தங்கும் அறை பதிவு செய்து தரும் ஒரு சிறு தளத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். அதில் இரண்டு திரெட்கள் ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று ஓர் அறையைப் பதிவு செய்துவிட்டு, பணம் வரவில்லை என்று ரோல்பேக் செய்கிறது. அதே கணத்தில் மற்ற திரெட் அதே இணைப்பில் எழுதியிருந்த வேறொரு குடும்பத்தின் பதிவும் சேர்ந்து அழிகிறது. நல்ல டிரைவர் நிரல்கள் உள்ளே பூட்டுப் போட்டு, இரண்டு திரெட்களின் பைட்டுகள் கலக்காமல் பார்த்துக்கொள்ளும். டிரான்சாக்‌ஷன் கலப்பதை அவற்றால் தடுக்க முடியாது. ஒரு நேரத்தில் ஓர் இணைப்பு ஒருவருக்கு மட்டுமே சொந்தம் என்ற ஒழுங்கைப் பூல்தான் கொண்டுவருகிறது.

அந்த ஒழுங்கையும் எல்லாப் பூல்களும் ஒரே மாதிரி காப்பதில்லை. பைதான் உலகில் பலகாலம் புழங்கும் சைகோபிஜி2-வின் ‘திரெடட் கனெக்‌ஷன் பூல்’ பெயரளவில் பாதுகாப்பானது. எடுப்பதும் வைப்பதும் ஒரே பூட்டுக்குள் நடக்கின்றன. ஆனால் புதிய இணைப்பு திறப்பதும் அதே பூட்டுக்குள்தான். ஒருவர் மெதுவான நெட்வொர்க்கில் இணைப்பு திறந்துகொண்டிருக்கும்போது, கையில் இருப்பதைத் திருப்பித் தர வந்தவரும் வாசலில் நிற்க வேண்டியதுதான். எல்லா இணைப்பும் தீர்ந்துபோனாலோ அது யாரையும் காக்க வைக்காது. உடனே பிழையை வீசிவிடும். இன்னொன்று: திருப்பித் தந்த பிறகும் அந்த இணைப்பு பழைய திரெட்டின் மாறியில் உயிரோடு இருக்கும், மறந்துபோய் மறுபடி பயன்படுத்தினால் தடுக்க ஆளில்லை. ஜாவாவின் ஹிகாரி-சிபி இதில் ஒரு படி மேல். அது இணைப்பை ஓர் உறைக்குள் வைத்துத் தருகிறது. மூடியபின் தொட்டால் உறை மறுத்துவிடும். ஸ்பிரிங் பூட் 2.0 வெளியான 2018 முதல் ஹிகாரியே அதன் இயல்பான பூல் என்பதில் எனக்குக் குறையில்லை.

இனி அளவு. நிறையக் கைகள் தடுமாறுவது இங்கேதான். ஹிகாரியின் இயல்பான உச்சம் 10. இதைப் பார்த்ததும் புதியவர்களுக்குச் சிரிப்பு வரும்: ஆயிரக்கணக்கானோர் வரும் தளத்துக்குப் பத்தா? தளம் திணறும் முதல் மாலையே அது 50 ஆகும், அப்புறம் 200. ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய வரிசை விதிப்படி, ஒரே நேரத்தில் புழக்கத்தில் இருக்கும் இணைப்புகளின் சராசரி என்பது வரும் வேகத்தை வைத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது. நம் அமாவாசைத் தளத்துக்கு விநாடிக்கு 200 கோரிக்கைகள் வரட்டும், ஒவ்வொன்றும் இணைப்பை 20 மில்லிவிநாடி வைத்திருக்கட்டும். பெருக்கினால் 4. பத்து தாராளம்.

இப்போது விநாடிக்கு வரும் அந்த 200-இல் 20 பேர் பணம் கட்டும் கட்டத்தில் இருக்கிறார்கள் என்று கொள்வோம். நிரலை எழுதியவர் டிரான்சாக்‌ஷனைத் திறந்துவைத்துக்கொண்டே பணப்பட்டுவாடா நிறுவனத்தின் பதிலுக்குக் காத்திருக்கிறார். அது வர 2 விநாடி ஆகிறது. இந்த 20 பேருக்கே 40 இணைப்பு வேண்டும். பூலை 40-க்கு மேல் உயர்த்துவது ஒரு வரி மாற்றம், ஐந்து நிமிட வேலை. பணத்துக்குக் காத்திருப்பதை டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே கொண்டுபோவது இரண்டு நாள் வேலை. எது நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பூல் மீதான என் முதல் குற்றச்சாட்டு இதுதான்: நிரலின் வடிவக் கோளாறை அது ஓர் எண்ணின் கோளாறாகத் தோன்றவைக்கிறது.

எண்ணை உயர்த்தினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். சுபமுகூர்த்த நாள்களில் நம் பத்திரப்பதிவுத் துறை அறிவிப்பு வெளியிடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்துக்கு 100 டோக்கனுக்குப் பதில் 150, இரண்டு பேர் உள்ள இடத்துக்கு 200-க்குப் பதில் 300. டோக்கன் கூடுகிறது, கையெழுத்துப் போடும் கை கூடுவதில்லை. அலுவலகமாவது இருட்டிய பிறகும் உட்கார்ந்து முடிக்கும். தரவுத்தளச் சர்வருக்கு அந்த வசதியும் கிடையாது. நான்கு கோர் உள்ள சர்வரிடம் 200 இணைப்புகள் ஒரே நேரத்தில் வேலை கேட்டால், அது ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவுவதிலும் பூட்டுகளுக்குக் காத்திருப்பதிலுமே நேரத்தைச் செலவழிக்கும். ஆரக்கிளின் செயல்திறன் குழு செய்துகாட்டிய சோதனை ஒன்றை ஹிகாரியின் ஆவணம் எடுத்துக்காட்டுகிறது. அதில் வேறெதையும் தொடாமல் பூலின் அளவை மட்டும் குறைத்தார்கள். பதில் நேரம் ஏறத்தாழ 100 மில்லிவிநாடியிலிருந்து 2-க்கு இறங்கியது.

அதே ஆவணம் தரும் சூத்திரம் ஒன்றும் உண்டு: கோர்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, சுழலும் வட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள். நான்கு கோர், ஒரு வட்டு என்றால் 9. போஸ்ட்கிரஸ்காரர்களிடமிருந்து வந்த இந்தச் சூத்திரத்தை இப்போது மந்திரம் மாதிரி ஒப்பிக்கிறார்கள். சுழலும் வட்டே இல்லாத எஸ்எஸ்டி காலத்தில் அதன் இரண்டாம் பாதிக்கு என்ன பொருள் என்று யாரும் நின்று யோசிப்பதாகத் தெரியவில்லை. தொடங்க நல்ல எண், அவ்வளவுதான். மீதியை அளந்துதான் பார்க்க வேண்டும்.

சிறிய பூலுக்கும் ஒரு பொறி உண்டு. பத்து திரெட், பத்து இணைப்பு. ஒவ்வொரு திரெட்டும் அறைப் பதிவுக்கு ஓர் இணைப்பை எடுத்துக்கொண்டு, நடுவில் தணிக்கைக் குறிப்பு எழுதத் தனி டிரான்சாக்‌ஷனுக்காக இரண்டாவது இணைப்பைக் கேட்கிறது. பத்து பேரும் ஒரே சமயம் வந்துவிட்டால் எல்லோர் கையிலும் ஒன்று இருக்கும், எல்லோரும் இரண்டாவதற்குக் காத்திருப்பார்கள், தருவதற்கு எவரிடமும் மிச்சம் இருக்காது. 11 இணைப்பு இருந்திருந்தால் யாராவது ஒருவர் முடித்துக் கிளம்பியிருப்பார், மற்றவர்கள் நகர்ந்திருப்பார்கள். இந்தச் சிக்கலைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் தரவுத்தளத்தைப் போய்ப் பார்த்தால் அது சும்மா இருக்கும். ஹிகாரி இயல்பாக 30 விநாடி காத்துவிட்டுப் பிழை சொல்லும். இந்த 30 விநாடி எனக்கு உடன்பாடில்லாத எண். அதற்குள் பக்தர் மூன்று முறை பக்கத்தைப் புதுப்பித்திருப்பார். அவர் விட்டுப்போன கோரிக்கைகள் வரிசையில் நின்று, இடம் கிடைத்ததும் இல்லாத ஆளுக்காக உழைத்துக்கொண்டிருக்கும். மக்கள் நேரடியாகப் பயன்படுத்தும் தளத்துக்கு இரண்டு மூன்று விநாடிக்கு மேல் காக்கவைப்பதில் பொருளில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு அச்சம் தருவது எச்சம். ஒரு திரெட் இணைப்பைத் திருப்பித் தரும்போது அதில் தன் சுவடுகளை விட்டுச் செல்லலாம்: மாற்றிவைத்த நேர மண்டலம், தற்காலிக அட்டவணை, ‘இப்போது பேசுவது இந்த வாடிக்கையாளர்’ என்ற அமைப்பு. ஜேடிபிசி வழியாக மாற்றிய ஆட்டோ-கமிட் போன்றவற்றை ஹிகாரி பழைய நிலைக்குக் கொண்டுவரும். நீங்கள் நேரடியாக எஸ்கியூஎல்-இல் ‘செட்’ கட்டளை கொடுத்து மாற்றியதை அது அறியாது. அடுத்து வருகிறவர் முந்தையவரின் அடையாளத்தோடு தரவைப் படிப்பார்.

இது வெறும் ஊகம் அல்ல. 2023 மார்ச் 20 அன்று சாட்ஜிபிடியில் சிலருக்கு முன்பின் தெரியாதவர்களின் உரையாடல் தலைப்புகள் தெரிந்தன. ஓபன்ஏஐ தந்த விளக்கப்படி கோளாறு ரெடிஸ்-பை என்ற நூலகத்தின் பகிர்ந்த இணைப்புகளில் இருந்தது. கோரிக்கை அனுப்பியபின், பதில் வருமுன் அது ரத்தானால், வந்த பதில் இணைப்பிலேயே தங்கிவிடும். அதே இணைப்பை அடுத்து வாங்கியவர் கையில் அது போய்ச் சேரும். ஒன்பது மணி நேர இடைவெளியில் தளத்தைப் பயன்படுத்திய பிளஸ் சந்தாதாரர்களில் 1.2 சதவீதம் பேரின் கட்டண விவரங்களில் ஒரு பகுதி பிறர் கண்ணில் பட்டிருக்கலாம் என்று அந்நிறுவனமே அறிவித்தது. ஒரே இணைப்பை இருவர் ஒரே நேரத்தில் பிடித்த கதை அல்ல இது. ஒருவர் விட்டபிறகுதான் மற்றவர் எடுத்தார். எடுத்ததும் வைத்ததும் முறையாகத்தான் நடந்தன, வைத்த பொருள் சுத்தமாக இல்லை. சந்தேகத்துக்கு இடமான இணைப்பைத் திரும்பச் சேர்க்காமல் தூக்கியெறியத் தெரியாத பூலை நான் பாதுகாப்பானது என்று சொல்லமாட்டேன்.

சின்னக் குறைகளும் உண்டு. மைஎஸ்கியூஎல் எட்டு மணி நேரம் சும்மா கிடக்கும் இணைப்பைத் தானே அறுத்துவிடும். இரவு முழுக்க ஆளில்லாத தளத்தில் விடியற்காலை முதல் ஆளுக்குப் பிழை வருவதன் காரணம் பல நேரம் இதுதான். கோ மொழியின் நூலகம் உச்சவரம்பே இல்லாமல் தொடங்குகிறது. வரம்பை நீங்களே வைக்காவிட்டால் அது பூல் என்ற பெயருக்கே பொருந்தாது. ஜாவா 21 மெய்நிகர் திரெட்களை மலிவாக அள்ளித் தந்த பிறகு, முன்பு திரெட் எண்ணிக்கை மறைமுகமாகக் கட்டிவைத்திருந்த கூட்டமெல்லாம் நேரே பூலின் வாசலுக்கு வந்துவிட்டது.

பூலின் அடிப்படையான குறை அதன் பார்வை எல்லை. தன் ப்ராசஸுக்குள் இருக்கும் திரெட்களை அது கச்சிதமாக நிர்வகிக்கும்; பக்கத்து ப்ராசஸில் இன்னொரு பூல் இருப்பது அதற்குத் தெரியாது. நான்கு சர்வர், ஒவ்வொன்றிலும் நான்கு பைதான் ப்ராசஸ், ஒவ்வொன்றிலும் பத்து: மொத்தம் 160. போஸ்ட்கிரஸின் இயல்பான உச்சவரம்பு 100. சாதாரண நாளில் எல்லாம் நிரம்பாது, யாருக்கும் தெரியாது. அமாவாசைக்கு முந்தைய மாலை கூட்டம் கூடக்கூட, தானியங்கி ஏற்பாடு இன்னும் இரண்டு சர்வர்களைச் சேர்க்கும். உதவிக்கு வந்த அந்த இரண்டுமே தரவுத்தளத்தின் கழுத்தை நெரிக்கும்.

இதற்கு மருந்தாக ஸ்கைப் நிறுவனத்தில் உருவாகி 2007-இல் வெளிவந்த பிஜிபவுன்சர் இருக்கிறது. எல்லா ப்ராசஸ்களுக்கும் வெளியே, தரவுத்தளத்தின் முன்னால் உட்கார்ந்து ஒரே கணக்கு வைக்கும். டிரான்சாக்‌ஷன் முடிந்தவுடனேயே இணைப்பை அடுத்தவருக்குத் தரும் முறையில் அது அபாரமாக வேலை செய்யும். விலை என்னவென்றால், இணைப்பு தொடர்ந்து நம்முடையது என்று நம்பி எழுதிய எதுவும் ஓடாது: லிஸன் அறிவிப்புகள், செஷன் அளவிலான பூட்டுகள், செட் கட்டளைகள். முன்கூட்டித் தயாரித்த குவெரிகளுக்கே 2023-இல் வந்த 1.21 பதிப்பில்தான் இந்த முறையில் ஆதரவு கிடைத்தது.

நம் தளத்தின் அளவுக்கு நான் பிஜிபவுன்சரைப் பரிந்துரைக்கமாட்டேன். ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஐந்து என்று வைத்து, பணத்துக்குக் காத்திருப்பதை டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே தள்ளி, சர்வர் எண்ணிக்கையை நான்கோடு நிறுத்தினால் 80-இல் அடங்கும். மிச்சமுள்ள 20-இல் மூன்றை போஸ்ட்கிரஸ் தானாகவே தலைமைப் பயனருக்கு ஒதுக்கிவைக்கும். கூட்டம் நெரிக்கும் இரவில் உள்ளே போய் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டியவருக்கும் ஓர் இணைப்பு தேவைப்படுகிறது.