தாயை விழுங்கிய சேய்

ஒருமுறை ஒளிபரப்பான தொடரை உள்ளூர் நிலையங்களுக்கு மீண்டும் மீண்டும் விற்பது அமெரிக்கத் தொலைக்காட்சி வணிகத்தில் பெரும் இலாபம் தருவதாகும். மூன்று பெரும் வலையமைப்புகள் இவ்வணிகத்தில் ஈடுபடுவதைக் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு 1970இல் தடைசெய்தது. அதன் விளைவாகச் சீ.பி.எஸ். நிறுவனத்தின் விற்பனைப் பிரிவு 1971இல் 'வயாகொம்' என்னும் தனி நிறுவனமாயிற்று. 'ஐ லவ் லூசி' முதலிய பழந்தொடர்களே அதன் மூலதனம். இவ்விதியால் சுயாதீனத் தயாரிப்பாளர் தம் படைப்புரிமையைத் தாமே பேண வாய்ப்புப் பெற்றனர் என்பது மறுத்தற்கியலாதது. ஆயினும் 1993இல் விதி தளர்ந்து, 1995இல் முற்றாக நீங்கியது. 2000ஆம் ஆண்டில் வயாகொம் தன்னை ஈன்ற சீ.பி.எஸ்.ஸையே தன்னுடன் இணைத்துக்கொண்டது. அன்று பிரிக்கப்பட்ட ஒளிபரப்பும் விநியோகமும் மீண்டும் ஒரே கையிற் சேர்ந்தன. சட்டம் உடைமையாளரை மாற்றிற்று. உடைமை முறையைத் தீண்டவில்லை. அதுவே அதன் தோல்வி எனலாம்.